பிளாட்டினம்: கிராட்டில் லெவல் 29, மாடஸ்ட் நேச்சர். டார்டெராவை நம்பி லீக் வரை போகலாமா?

கிளைநுனி:

போக்கிமான் பிளாட்டினம் கேம்ல டர்ட்விக் எடுத்து (அதுதான் கிராட்டில் ஆகி, 32-ல டார்டெராவா மாறும்) ஓடிக்கிட்டிருக்கு. ஃபன்டீனா ஜிம் வரை 3 பேட்ஜ் ஆச்சு. இப்போ வெயில்ஸ்டோன்ல நிக்குது, மேலீன் ஜிம் இன்னும் தொடலை. கிராட்டில் லெவல் 29. மூவ்: ரேசர் லீஃப், பைட், கர்ஸ், மெகா டிரெயின். கூட ஸ்டாராவியா, லக்ஸியோ, பிடூஃப்.

மூணு குழப்பம்.

1. நேச்சர் மாடஸ்ட். அட்டாக் குறையும், ஸ்பெஷல் அட்டாக் கூடும். டார்டெரா அட்டாக்கை நம்பி அடிக்கிற போக்கிமான்னு எல்லாரும் சொல்றாங்க. முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா, இல்ல ஸ்பெஷல் அட்டாக்கால அடிக்கிற லீஃப் ஸ்டார்ம் பக்கம் போயிடலாமா?
2. 32-ல பரிணாமத்தை பி பட்டன் அழுத்தி நிறுத்தி வெச்சா கிரஞ்ச் சீக்கிரம் கிடைக்கும்னு ஒரு இடத்துல படிச்சேன். செய்யலாமா?
3. ஐஸ்னா நாலு மடங்கு அடி. கேண்டிஸ் ஜிம்ல என்ன செய்றது?

வேர்முடிச்சு:

இரண்டாவது கேள்விக்குத்தான் அவசரம், அதை முதல்ல சொல்லிடறேன். 32-ல பி பட்டன் பக்கமே போகாதீங்க.

டார்டெராவோட மூவ் பட்டியல்ல எர்த்குவேக் சரியா லெவல் 32-ல இருக்கு. 32-ல பரிணாமம் நடந்தா அந்த நொடியே "எர்த்குவேக் கத்துக்கணுமா?"ன்னு கேட்கும். நிறுத்திட்டு 33-ல பரிணமிக்க விட்டா அது கேட்காது, 33-க்கு உரிய லீச் சீடைத்தான் கேட்கும். அப்புறம் எர்த்குவேக்கை வாங்க ஒரு ஹார்ட் ஸ்கேல் (விட்டுப்போன மூவைச் சொல்லித் தர்றவருக்குக் குடுக்கிற பொருள்) செலவழிக்கணும், இல்லன்னா வேவர்ட் குகைக்குள்ள இருக்கிற டிஎம் 26-ஐ (எர்த்குவேக் கத்துக் குடுக்கிற ஐட்டம்) எடுத்துப் போடணும். இந்தத் தலைமுறையில டிஎம் ஒரு தடவை போட்டா காலி. இலவசமா வர்றதை விட்டுட்டு அதை டார்டெராவுக்கு வீணாக்க வேணாம், அணியில வேற யாருக்காவது பயன்படும்.

கிரஞ்ச் கணக்கும் சரியா வரலை. கிராட்டிலாவே வெச்சிருந்தா கிரஞ்ச் 42-ல, டார்டெரா ஆனா 45-ல. மூணு லெவல்தான் லாபம். அதுக்காக 32-லிருந்து 42 வரை பத்து லெவல் எர்த்குவேக் இல்லாம, கிராட்டிலோட 405 மொத்த ஸ்டாட்டோட ஓட்டணும். டார்டெராவுக்கு மொத்தம் 525.

32-ல எர்த்குவேக் கேட்கும்போது மெகா டிரெயினை மறக்கச் சொல்லுங்க. ரேசர் லீஃபைத் தொடாதீங்க, பாஸ்டோரியா ஊருக்குப் போற வரைக்கும் அதுதான் உங்க புல் வகை அடி. பாஸ்டோரியாவில பழைய மூவைத் திரும்பச் சொல்லித் தர்ற ஆள் ஒருத்தர் வீட்டுல இருப்பார். அவர்கிட்ட ஒரு ஹார்ட் ஸ்கேல் குடுத்து வுட் ஹாமர் வாங்கணும். அது டார்டெராவோட லெவல் 1 மூவ். கிராட்டிலா போனா பட்டியல்லயே இருக்காது, டார்டெரா ஆன பிறகுதான் தெரியும். பவர் 120, துல்லியம் 100, பிபி 15 (அத்தனை தடவை அடிக்கலாம்). ரேசர் லீஃப் வெறும் 55.

குறை ஒண்ணு: எதிரிக்கு எவ்வளவு எச்பி (உயிர்ப் புள்ளி) குறையுதோ அதுல மூணுல ஒரு பங்கு நமக்கும் குறையும். எதிரிகிட்ட 30 எச்பிதான் மிச்சம்னா, அடி எவ்வளவு பலமா விழுந்தாலும் நமக்கு 10 தான் போகும். அதனால சாகக் கிடக்கிறவனை வுட் ஹாமரால முடிக்கிறது மலிவு. முழு எச்பியோட நிக்கிற, எச்பி அதிகமான எதிரியை அடிக்கும்போதுதான் வலிக்கும்.

சுண்ணாம்புக்கல்:

மாடஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி ஆரம்பிக்கத் தேவையே இல்லை. கணக்கைப் பாருங்கள்.

டார்டெராவின் அடிப்படை அட்டாக் 109, ஸ்பெஷல் அட்டாக் 75. மாடஸ்ட் அட்டாக்கில் 10 சதவீதம் வெட்டும், ஸ்பெஷலில் 10 சதவீதம் கூட்டும். தோராயமாக 98-க்கு 82.5 என்று வைத்துக்கொள்ளலாம். வுட் ஹாமர் 120 × 98 = 11,760. லீஃப் ஸ்டார்ம் 140 × 82.5 = 11,550. அதாவது உங்களுக்குப் பிடிக்காத நேச்சரிலேயே, முதல் அடியிலேயே வுட் ஹாமர் ஒரு முடி முன்னால் நிற்கிறது. லீஃப் ஸ்டார்முக்குத் துல்லியம் 90, பிபி 5. அடித்தவுடன் ஸ்பெஷல் அட்டாக் இரண்டு படி இறங்கிவிடும், இரண்டாவது அடியில் பாதி பலம்தான். அதுவும் டார்டெராவாக இருந்தால் 57-இல்தான் வரும். எர்த்குவேக்குக்கோ ஸ்பெஷல் பக்கத்தில் மாற்றே கிடையாது.

இழந்த அட்டாக்கைப் பணத்தால் ஈடுகட்டவும் முடியும். நீங்கள் நிற்கும் ஊரிலேயே வெயில்ஸ்டோன் டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருக்கிறது. புரோட்டீன் ஒன்று 9,800. ஒவ்வொன்றும் அட்டாக்கில் 10 உழைப்புப் புள்ளி (EV, சண்டை போடப் போட ஸ்டாட்டுக்குச் சேரும் புள்ளி) ஏற்றும், 100 புள்ளி வரைதான் ஏற்ற முடியும். நான்கு புள்ளிக்கு லெவல் 100-இல் ஒரு அட்டாக் கூடும். 100 புள்ளி என்றால் லெவல் 40-இல் 10 அட்டாக். மாடஸ்ட் அந்த லெவலில் வெட்டுவதும் கிட்டத்தட்ட அதே பத்துதான். ஏற்கெனவே சண்டைகளில் கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதால் பத்து புரோட்டீனும் இறங்காது, இடையிலேயே "பலன் இல்லை" என்று வந்துவிடும். கையில் காசு இருந்தால் இரண்டு மூன்று போடுங்கள். கடன்பட்டுப் போடும் அளவுக்கு இது முக்கியமில்லை.

ஒன்றில் மட்டும் லீஃப் ஸ்டார்முக்கு நான் ஓட்டுப் போடுவேன். லீக்கில் (எல்லா ஜிம்மும் முடிந்த பின் வரும் கடைசிச் சண்டைகள்) பெர்தாவின் ரைப்பீரியர், கோலம் இரண்டுக்கும் டிஃபன்ஸ் 130. ஸ்பெஷல் டிஃபன்ஸ் முறையே 55, 65. அங்கே ஸ்பெஷல் புல் அடி கத்தி போல இறங்கும். ஆனால் இரண்டுக்குமே புல் நாலு மடங்கு என்பதால் வுட் ஹாமரே ஒரே அடியில் முடித்துவிடும். ரைப்பீரியரின் சாலிட் ராக் திறன் நாலு மடங்கை மூன்றாகக் குறைக்கும், அப்படியும் தாங்காது. கோலமின் ஸ்டர்டி திறனுக்கும் பயப்பட வேண்டாம். ஒரே அடியில் மயங்காமல் 1 எச்பியோடு நிற்கும் ஸ்டர்டி அடுத்த தலைமுறையில் வந்தது. பிளாட்டினத்தில் அது பட்டாலே மயக்கிவிடும் ஃபிஷர் வகை மூவ்களை மட்டும்தான் தடுக்கும்.

கிளைநுனி:

ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ பி பட்டனை மறந்துடறேன்.

ஹார்ட் ஸ்கேல் எங்க எடுக்கிறது? கையில ஒண்ணு கூட இல்ல. எடர்னாவில குடுத்த எக்ஸ்ப்ளோரர் கிட் பையில சும்மா கிடக்கு.

வேர்முடிச்சு:

அதே கிட்தான் வழி. வெளியில எங்கயாவது நின்னு கிட்டைப் பயன்படுத்தினா அண்டர்கிரவுண்ட். கீழ்த்திரையைத் தொட்டா சுவர்ல மின்னுற புள்ளிகள் தெரியும். அந்தச் சுவர் முன்னாடி போய் ஏ பட்டன்.

சுத்தியல், குந்தாலின்னு ரெண்டு கருவி. சுத்தியல் அகலமா உடைக்கும், ஆனா மேலே ஓடுற விரிசலை வேகமா நீட்டும். விரிசல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தா சுவர் இடிஞ்சு விழும், அதுவரை முழுசா வெளிய தெரிஞ்சது மட்டும்தான் கைக்கு வரும். ஒரு மூலை மூடியிருந்தாலும் போச்சு. அதனால முதல் ரெண்டு மூணு அடி சுத்தியல், தள்ளித் தள்ளி. பாறை நிறம் இல்லாம வேற நிறம் எட்டிப் பார்த்த உடனே குந்தாலிக்கு மாறிடுங்க. ஹார்ட் ஸ்கேல் சின்னது, நாலு கட்டத்துக்குள்ள அடங்கிடும், குந்தாலியால நாலைஞ்சு இடத்துல சுத்தித் தட்டினா போதும். பெரிய ஐட்டம் ஒண்ணும் இதுவும் பக்கத்துல தெரிஞ்சா முதல்ல இதை முடிங்க. நிறையப் பேர் பெருசைத் துரத்திப் போய் ரெண்டையும் விட்டுடறாங்க.

ஒண்ணு போதும்னு நிறுத்தாதீங்க, ரெண்டு மூணு சேர்த்து வைங்க. லக்ஸ்ரே, ஸ்டாராப்டருக்கும் பின்னாடி தேவைப்படலாம்.

மழைத்தடம்:

மூன்றாவது கேள்வியை யாரும் முழுசாத் தொடலை. ஐஸ் பயத்தை கேண்டிஸோட சேர்த்து வெச்சுப் பார்க்காதீங்க. கேண்டிஸ்கிட்ட ஐஸ் வரும்னு தெரியும், அதனால ஆபத்து குறைவு. ஆபத்து ஐஸ் எதிர்பார்க்காத இடத்துலதான்.

முதல்ல வகைக் கணக்கு. கிராட்டில் வெறும் புல். டார்டெரா ஆனதும் புல் + நிலம். மின்சாரம் ஒண்ணும் செய்யாது. பாறை, நிலம் ரெண்டும் பாதி. விஷம் இரட்டிப்பா இருந்தது சாதாரணமாயிடும். ஆனா தண்ணியைப் பாதியா வாங்கிக்கிட்டிருந்தது போயிடும், அதுவும் இனிமே முழு அடி. தீ, பறவை, பூச்சி மூணும் ரெண்டு மடங்கு, ஐஸ் நாலு. ஸ்பீட் அடிப்படை 56, பெரும்பாலும் எதிரிதான் முதல்ல அடிப்பான். "தண்ணி ஜிம்முக்குப் புல் போக்கிமான்"னு கண்ணை மூடிக்கிட்டு இறங்குறவங்க மாட்டுறது இங்கதான்.

இனி ஜிம் ஜிம்மா, பேருக்குப் பக்கத்துல லெவல். மேலீன்: மெடிடைட் 28, மச்சோக் 29, லூகாரியோ 32. முதல் ரெண்டுக்கும் ஸ்டாராவியா. லூகாரியோவுக்கு எஃகு கலந்திருக்கிறதால பறவை அடி சாதாரணமாத்தான் விழும், அங்கே எர்த்குவேக் ரெண்டு மடங்கு. அதனால ரூட் 215 ட்ரெயினர்களை முடிச்சு 32 ஆக்கிட்டு ஜிம்முக்குள்ள போங்க.

கிராஷர் வேக் (தண்ணி ஜிம்): கியராடோஸ் 33, குவாக்சயர் 34, ஃபிளோட்செல் 37. முதல்ல வர்றது கியராடோஸ், அதோட இன்டிமிடேட் நம்ம அட்டாக்கை ஒரு படி இறக்கிடும். பறக்கிறதால எர்த்குவேக் படாது, வுட் ஹாமரும் சாதாரணம்தான். லக்ஸ்ரேயை முதல்ல நிறுத்துங்க (லக்ஸியோ 30-ல மாறும்), மின்சாரம் அதுக்கு நாலு மடங்கு. குவாக்சயர் வந்ததும் டார்டெராவை இறக்குங்க, புல் நாலு மடங்கு, ஒரே அடி. அங்கேயே நிறுத்திக்கணும். ஃபிளோட்செல்லுக்கு ஐஸ் ஃபேங் இருக்கு, வேகமும் ரொம்ப அதிகம். முழு எச்பி டார்டெரா ஒரு அடியைத் தாங்கினாலும் மிச்சம் கொஞ்சம்தான், வுட் ஹாமர் திருப்பி வாங்குற அடி அதையும் கரைச்சிடும். லக்ஸ்ரேக்கே விட்டுடுங்க.

பைரன் ஜிம் டார்டெராவுக்கு விருந்து. மேக்னட்டன், பாஸ்டியோடன் ரெண்டுக்கும் எர்த்குவேக் நாலு மடங்கு, ஸ்டீலிக்ஸுக்கு ரெண்டு.

இனி கேண்டிஸ்: ஸ்னீசல் 40, பைலோஸ்வைன் 40, அபோமஸ்னோ 42, ஃப்ராஸ்லாஸ் 44. டார்டெராவை வெளிய எடுக்கவே வேணாம். ஸ்னோபாயின்ட் போற ரூட் 216, 217-லயும் அதை முதல் இடத்துல வைக்காதீங்க. உங்க அணியில ஐஸை அடிக்க ஆளே இல்ல, அதுதான் உண்மையான ஓட்டை. ரூட் 206-ல போனிட்டா பிடிக்கலாம். அயர்ன் ஐலண்ட்ல ரைலி கூடப் போய் முடிச்சா ரியோலு முட்டை குடுப்பார், பாசம் ஏறினதும் பகல்ல லெவல் ஏத்தினா லூகாரியோ. பைலோஸ்வைன்கிட்ட நிலம் இருக்கு, தீக்கும் எஃகுக்கும் அது ஆகாது. அதனால தண்ணி போக்கிமான் ஒண்ணும் கையில இருக்கட்டும். எப்படியும் வேணும், ஏன்னா டர்ட்விக் எடுத்தா ரைவல் கையில சிம்சார், அது இன்ஃபெர்னேப் ஆகி வந்து நிக்கும்.

வோல்க்னர் எளிதுன்னு எல்லாரும் சொல்வாங்க, பாதிதான் சரி. மின்சாரம் படாது. ஆனா அவரோட லக்ஸ்ரேக்கு ஐஸ் ஃபேங், எலெக்ட்டிவையருக்கு ஃபயர் பஞ்ச். ஜோல்டியோன், ரைச்சு வரை டார்டெரா எர்த்குவேக்கால முடிக்கலாம், லக்ஸ்ரே வந்ததும் எச்பி பார்த்து முடிவெடுங்க.

லீக்ல ஆரன் பூச்சி, வேணாம். பெர்தாவுக்கு மேல சொன்ன வுட் ஹாமர், கிளைஸ்கோர் மட்டும் விதிவிலக்கு: பறக்கும், எர்த்குவேக் படாது, புல்லும் சாதாரணம்தான். கடைசியில வர்ற சாம்பியன் சிந்தியாகிட்ட டார்டெராவோட வேலை ஒண்ணே ஒண்ணு: லூகாரியோ. மிலோட்டிக்கைப் பார்த்துத் தண்ணிதானேன்னு இறக்கினா ஐஸ் பீம். அவங்க கார்ச்சோம்ப்போட எர்த்குவேக் நம்ம மேல பாதிதான், ஆனா பிளாட்டினத்துல அதுக்கு ஃபிளேம்த்ரோவர் இருக்கு.

சுண்ணாம்புக்கல்:

மழைத்தடம் சொன்னதோடு ஒரு சிறு மாறுபாடு. பாஸ்டோரியாவிலேயே ஒரு பெண் தினமும் ஒரு பெர்ரி தருவார், குறிப்பிட்ட வகை அடியைப் பாதியாக்கும் பெர்ரிகளில் ஏதோ ஒன்று. யாச்சி பெர்ரி வந்தால் பத்திரப்படுத்துங்கள். ஒரு ஐஸ் அடி நாலு மடங்கிலிருந்து இரண்டாகும், அதோடு பெர்ரி தீர்ந்துவிடும். மிலோட்டிக் மீது டார்டெராவை இறக்கத் துணிவது அது கையில் இருக்கும்போது மட்டும்தான். முழு எச்பியில் நின்றால் ஐஸ் பீமை வாங்கிக்கொண்டு வுட் ஹாமரால் திருப்பி அடிக்கலாம். எச்பி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போயிருந்தால் ஓவர்குரோ வேலை செய்யும், புல் அடி இன்னும் ஒன்றரை மடங்கு. வுட் ஹாமர் நம்மையே கரைப்பதும் ஓவர்குரோ எழுவதும் இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது இந்த ஆமையிடம் எனக்குப் பிடித்த அம்சம்.

நான்காவது மூவ் இடத்துக்கு கர்ஸை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அட்டாக், டிஃபன்ஸ் ஒரு படி ஏறும், ஸ்பீட் ஒரு படி இறங்கும். ஏற்கெனவே கடைசியில் அடிப்பவனுக்கு ஸ்பீட் இறங்கி என்ன ஆகப்போகிறது? மாடஸ்ட் வெட்டியதும் ஒரே கர்ஸில் திரும்பிவிடும். 39-இல் வரும் சிந்தசிஸ் பாதி எச்பி தரும். ஆனால் மழை, மணற்புயல், ஆலங்கட்டி எது அடித்தாலும் கால் பங்குதான். ஹிப்பௌடனின் மணற்புயலில் அதை நம்பி உட்காராதீர்கள்.

வேர்முடிச்சு:

இன்னொண்ணு, ஸ்ட்ரெங்த், ராக் கிளைம்ப் எல்லாம் டார்டெரா கத்துக்கும்னு அதுல போட்டுடாதீங்க. இதெல்லாம் வழி திறக்கிற எச்எம் மூவ், அதை நீங்களா மறக்க வைக்க முடியாது, கேனலேவ்ல இருக்கிற மூவ் அழிக்கிறவர்கிட்ட போகணும். பிடூஃப் வெச்சிருக்கீங்களே, அது பிபாரெல் ஆனா கட், ராக் ஸ்மாஷ், ஸ்ட்ரெங்த், சர்ஃப், வாட்டர்ஃபால், ராக் கிளைம்ப் ஆறும் கத்துக்கும்.

கிளைநுனி:

ரூட் 215-க்குப் போறேன். கடைசியா ஒண்ணு: லீக் முடிச்சப்புறம் இதே டார்டெராவை பேட்டில் டவருக்குக் கொண்டு போகலாமா?

மழைத்தடம்:

இதே ஆளை வேணாம். அங்கே மாடஸ்ட் நிஜமாவே தடுக்கும். சோலேசியான் டே கேர்ல விட்டுப் புது டர்ட்விக் எடுங்க. அடமன்ட் நேச்சர் (அட்டாக் கூடும், ஸ்பெஷல் அட்டாக் குறையும்) டிட்டோ ஒண்ணு பிடிச்சு, எவர்ஸ்டோன்கிற கல்லை அதுக்கு மாட்டி ஜோடியா விட்டா, பாதி முட்டைக்கு அந்த நேச்சர் இறங்கும். முட்டை பொரிக்க ஏறத்தாழ 5,100 அடி நடக்கணும். டர்ட்விக் எட்டுல ஒண்ணுதான் பெண்ணா வரும், ஆனா டிட்டோ இருந்தா அதைப் பத்திக் கவலையில்ல.

மூவ்: வுட் ஹாமர், எர்த்குவேக், ஸ்டோன் எட்ஜ், ராக் பாலிஷ். ஸ்பீட்ல 252 உழைப்புப் புள்ளி போட்டா லெவல் 50-ல 108 வரும். ராக் பாலிஷ் ஒரு தடவை போட்டதும் 216. முழு வேகத்துல வர்ற ஜோல்டியோனே 200 தான். மீதி 252 அட்டாக்ல. முதல் சுற்றுல ராக் பாலிஷ் போட இடம் வேணும், அதனால மின்சாரம் இல்ல பாறை அடி வரப்போற நேரத்துல மாத்தி இறக்குங்க. கையில யாச்சி பெர்ரி. ஐஸ் ஷார்ட் வெச்சிருக்கிற வீவைல், மமோஸ்வைன் எதிர்ல வந்தா ராக் பாலிஷ் போட்டும் புண்ணியமில்ல, அது ஸ்பீடைப் பார்க்காம முதல்ல விழுற அடி. உடனே வெளிய எடுத்துடுங்க.